வெளி மாநிலத்துக்காரி

டகோமா, வாஷிங்டன்
பிப்ரவரி 11, 1987

ஆர்லின் அண்ணாவுக்கு,

போனில் பிடித்தால் நீ "ம்" என்பாய், "சரி" என்பாய், "காசு ஓடுது, வெச்சிடறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது முழுசாக வாசி.

நம்மூர்ப் பேப்பர் தபாலில் வந்தது. மூன்றாம் பக்கத்தில் உன் போட்டோ. அம்மா சாவுக்கு வாங்கிய அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, ஹெலனாவில் சட்டசபைக் குழுவுக்கு முன்னால் நிற்கிறாய். வெளி மாநிலத்து ஆட்களுக்கு வேட்டைக் கட்டணத்தை ஏற்ற வேண்டும், மான்டனாவின் பனிக்காலத்தைத் தாங்குகிறவனுக்குத்தான் மான்டனாவின் எல்க் மான் என்று லார்ச் கிரீக் ஆர்லின் ஸ்டாக்லண்ட் பேசினாராம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதாம். உன் மச்சான் ரஸ் வாசித்துவிட்டுச் சிரித்தார். "உங்கண்ணன் உன்னத்தான் சொல்றார் போல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆசைப்பட்டா இங்கே வந்தேன்? மரம் அறுக்கிற மில்லை மூடிவிட்டார்கள், ரஸ்ஸுக்கு இங்கேதான் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் ஆகிறது. அந்த வேலையும் கிறிஸ்துமஸோடு போய்விட்டது, தெரியுமோ? இப்போது வீடு ஓடுவது பள்ளிக்கூடச் சமையலறையில் நான் வாங்கும் சம்பளத்தில். உனக்கு வேட்டை லைசென்ஸ் ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசு. எனக்கு இப்போதே ஒரு மாத வாடகைக்கு மேல். இன்னும் ஏற்றச் சொல்கிறாய்.

நான் போன இரண்டு இலையுதிர் காலமும் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி அந்தப் பணத்தைக் கட்டினேன். கொம்புக்காக இல்லை. அப்பாவுக்காக. பன்னிரண்டு வயதிலிருந்து நானும் அப்பாவும் அந்த மேட்டில் ஒரே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கு இன்னும் எத்தனை வருஷம் நினைவு நிற்கும் என்று உனக்கே தெரியாது. இதையெல்லாம் அந்தக் குழுவிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

லவோன்

*

லார்ச் கிரீக்
பிப்ரவரி 20

லவோன்,

முழுசாகத்தான் வாசித்தேன். இரண்டு தடவை.

ரஸ் வேலை போனது தெரியாது. வருத்தமாக இருக்கிறது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நான் உன்னை நினைத்துப் பேசவில்லை. யாரை நினைத்துப் பேசினேன் என்று கேள். நம் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் பியூகல் குடும்பத்து நிலம் இருக்கிறதே, சின்ன வயதில் கேட்காமலே புகுந்து போவோமே, அங்கே இப்போது சங்கிலி, பூட்டு, மஞ்சள் போர்டு. டெக்ஸாஸிலிருந்து ஒரு பல் டாக்டர் வேட்டைக்காகவே மொத்தத்தையும் குத்தகைக்கு எடுத்துவிட்டான். அவன் வருஷத்தில் ஒரு வாரம் வருவான். தலையை அறுத்துக்கொண்டு போவான், கறியைக் கூட எடுப்பதில்லை. இங்கே மூன்று பிள்ளை வைத்திருக்கிறவன் ஃப்ரீசரில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். அக்டோபரில் காபிக் கடை வாசலில் நிற்கிற வண்டிகளில் ஒன்றுக்காவது நம்ம மாநில நம்பர் இருக்கிறதா? நான் பேசாமல் யார் பேசுவது?

ஆறு மாதம் மாட்டுக்குப் பனியில் வைக்கோல் போடுகிறோம். அந்த வைக்கோலில் பாதியை எல்க்தான் தின்கிறது. தின்னட்டும். ஆனால் தீனி போட்டவனும் துப்பாக்கியோடு விமானத்தில் வந்து இறங்குகிறவனும் ஒன்றா?

அப்பா போன வாரம் பனியில் கொட்டகைக்குப் போய்விட்டார். அம்மாவைத் தேடி. காலில் செருப்பு கூட இல்லை. மூன்று விரல் கறுத்துவிட்டது, இப்போது தேவலை. "லவோன் ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?" என்று தினமும் கேட்கிறார். வந்துவிடுவாள் என்கிறேன். அவருக்குப் பல் தேய்த்து விடுவது, மேல் கழுவி விடுவது எல்லாம் நான்தான். அதையும் அந்தக் குழுவிடம் சொல்லவில்லை.

ஆர்லின்

*

டகோமா
மார்ச் 1

அண்ணா,

விரல் கறுத்ததை இப்போதுதான் எனக்குச் சொல்வாயா? நல்லா இருக்கு உன் நியாயம்.

பல் டாக்டர் மேல் கோபம் என்றால் பல் டாக்டரைத் திட்டு. அவனுக்குக் கட்டணம் பத்து மடங்கானாலும் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வருவான். நின்றுபோவது என்னைப் போல ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள்தான். இன்னொன்றும் சொல்கிறேன். உன் ஊர் வேட்டை வார்டன் ஓட்டுகிற வண்டிக்கு பெட்ரோல், அவன் சம்பளம், எல்லாம் முக்கால்வாசி எங்களை மாதிரி வெளி ஆட்கள் கட்டுகிற பணம். அந்த மலையும் உன் அப்பன் வீட்டு மலை இல்லை, மத்திய அரசாங்கத்துக் காடு. நானும் வரி கட்டுகிறேன்.

சரி, சண்டை போதும். காரியத்துக்கு வருகிறேன். ரஸ்ஸிடம் கூடச் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

என் பழைய மான்டனா டிரைவிங் லைசென்ஸ் இன்னும் ஒரு வருஷம் செல்லும். நம் வீட்டு விலாசத்தைப் போட்டு, உள்ளூர்க்காரி என்று சொல்லி, கடையில் லைசென்ஸ் வாங்கிக்கொள்கிறேன். யாராவது கேட்டால் "ஆமா, இங்கதான் இருக்கா" என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். டென்வரில் இருக்கிற பியூகல் பையன் வருஷா வருஷம் இதைத்தான் செய்கிறான், ஊருக்கே தெரியும். வெளி ஆளாக லைசென்ஸ் குலுக்கலுக்கு மனுப் போட இந்த மாதம் பதினைந்துதான் கடைசி. அதற்கு என்னிடம் பணம் இல்லை. பொய் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? அப்பாவோடு இன்னும் ஒரே ஒரு தடவை, அவ்வளவுதான்.

சட்டம் என்று ஆரம்பிக்காதே. அம்மா ஆயுசில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் லைசென்ஸோடு ஆளுக்கு ஒரு மானுக்கென்று தருவார்களே, அம்மா பேரில் வாங்கிய அந்தச் சீட்டு வருஷா வருஷம் ஏதாவது ஒரு எல்க் கொம்பில் கட்டித் தொங்கும். யார் சுட்டது, யார் சீட்டு என்று நம் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. உனக்கு முதல் வருஷம் ஒன்றும் அகப்படாமல் நீ மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது கறி வந்தது யார் சீட்டில்?

பதிலை உடனே போடு.

லவோன்

*

லார்ச் கிரீக்
மார்ச் 7

லவோன்,

முடியாது.

போன மாதம் இருநூறு பேர் மத்தியில் நின்று, பொய் விலாசம் கொடுக்கிறவனைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று சொன்னவன் நான். பேப்பரில் அது வரவில்லை, ஆனால் சொன்னேன். வார்டன் கெர்மிட் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இப்போது என் வீட்டு விலாசத்தில் என் தங்கச்சியா? காபிக் கடையில் என்னைக் காறித் துப்புவார்கள்.

நீ போனாய். உன்னை யாரும் துரத்தவில்லை. மில் மூடியபோது இங்கேயே வேலி போட்டு, பால் கறந்து, அரை வயிறு சாப்பிட்டு இருந்தவர்களும் இருக்கிறார்கள். நீ வருஷத்தில் ஒரு வாரம் வருவாய். அப்பாவோடு மலை ஏறுவாய், போட்டோ எடுப்பாய், நல்ல கறியாகப் பார்த்து ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவாய். மிச்சம் ஐம்பத்தோரு வாரமும் அவர் மூத்திரத் துணியை நான் துவைக்கிறேன். பல் டாக்டரும் ஒரு வாரம்தான் வருகிறான்.

இனி இதைப் பற்றி எழுதாதே.

ஆர்லின்

*

லார்ச் கிரீக்
ஜூன் 14

லவோன்,

நீ எழுதவே இல்லை. அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. பல் டாக்டரைப் பற்றிய வரியைச் சொல்கிறேன்.

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். கன்றுகள் இந்த வருஷம் பரவாயில்லை. கட்டணம் ஏற்றினார்கள், நாங்கள் கேட்ட அளவுக்கு இல்லை. பியூகல் நிலத்தில் பூட்டு அப்படியேதான் இருக்கிறது. பல் டாக்டர் இரண்டு நண்பர்களையும் கூட்டி வரப் போகிறானாம்.

ஆர்லின்

*

லார்ச் கிரீக்
செப்டம்பர் 22

லவோன்,

இதற்காவது பதில் போடு. பட்டணத்து டாக்டரிடம் அப்பாவைக் காட்டினேன். அடுத்த வருஷம் இந்த நேரம் பெற்ற பிள்ளைகள் யாரையும் அடையாளம் தெரியாது என்கிறார். பனிக்காலம் கழிந்ததும் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார். நான் ஸ்கூல் பஸ் ஓட்டப் போகிற நேரத்தில் கேஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிடுகிறார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

ஆனால் வேட்டை விஷயம் மட்டும் மறக்கவில்லை. உன் துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். "குட்டி எப்ப வரா? அவ வராம நான் மலை ஏற மாட்டேன்" என்று காபிக் கடையில் எல்லாரிடமும் சொல்கிறார். என்னோடு போகலாம் என்றேன். "நீ சத்தம் போட்டு நடப்பே" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

நவம்பர் கடைசி வாரம் வா. பாதை முடிகிற இடம் வரை வண்டியில் நான் கொண்டு விடுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் ஏறுங்கள். கறி சுமக்கக் கொண்டு வருகிற குதிரைகளோடு நான் கீழேயே இருக்கிறேன். அப்பாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. எனக்கு இந்த வருஷம் வேட்டைக்குப் போக நேரமில்லை. என் சீட்டு பையில் அப்படியேதான் இருக்கிறது, நீ வருகிற வரைக்கும் அப்படியேதான் இருக்கும்.

பஸ் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் சொல்.

ஆர்லின்

*

டகோமா
அக்டோபர் 5

ஆர்லின்,

வருகிறேன். உனக்காக இல்லை.

டிக்கெட் நானே எடுத்துக்கொள்கிறேன். பயப்படாதே, உன் பேர் கெடும்படி ஒன்றும் செய்ய மாட்டேன். விருந்தாளியாக வருகிறேன். துப்பாக்கி எடுக்க மாட்டேன், என் பையில் ஒரு தோட்டா கூட இருக்காது. கெர்மிட் வந்து என் சட்டையைக் கூடத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். வெளி மாநிலத்து ஆட்கள் மலையில் சும்மா நடப்பதற்கு இன்னும் கட்டணம் போடவில்லை என்று நினைக்கிறேன்.

லவோன்

*

டகோமா
டிசம்பர் 2

ஆர்லின்,

உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன், அல்லது அப்பா முன்னால் அழுதிருப்பேன். மலையில் என்ன நடந்தது என்று நீ கேட்டாய், நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஏறும்போது அப்பா நன்றாகத்தான் இருந்தார். பழைய அப்பா. பனியில் தடம் பார்த்து "இது நேத்து ராத்திரி போனது" என்றார். நம் மரத்தடியில் உட்கார்ந்தோம். ரொட்டிக்குள் பொரித்த முட்டை வைத்து நீ கொடுத்தாயே, எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தார். அம்மாவைப் பற்றிப் பேசினார், அம்மா இறந்துவிட்டாள் என்று தெரிந்தே பேசினார். அப்படியே செத்துப்போனாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

வெயில் மேட்டில் பட்ட நேரம் நாலு பெட்டை மான் வெளியே வந்தது. பின்னாலேயே ஆண். அவ்வளவு பெரிய கொம்பை நான் இதுவரை பார்த்ததில்லை. காபிக் கடையிலிருந்து எதிர்க் கடை தூரம்தான். அப்பா துப்பாக்கியைத் தூக்கினார். கை நடுங்கிற்று. முட்டியில் வைத்துப் பார்த்தார், அப்போதும் நடுங்கிற்று. மெதுவாக இறக்கி என் மடியில் வைத்தார்.

"நீ அடி குட்டி. எப்பவும் நீதானே அடிப்பே."

"என்கிட்ட லைசென்ஸ் இல்லப்பா."

"என்ன இல்ல?"

"லைசென்ஸ். நான் இங்க இல்லப்பா இப்ப. டகோமால இருக்கேன்."

"பேசாத. போயிடும். அடி."

என் கை துப்பாக்கி மேல்தான் இருந்தது. பாதுகாப்புப் பூட்டைக் கூட விரல் தானாகவே தள்ளிவிட்டது. அப்போது உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. ஐம்பத்தோரு வாரம். காறித் துப்புவார்கள். வழியில் வேட்டைச் சோதனைச் சாவடியில் கெர்மிட் அப்பாவின் கையைப் பார்ப்பான், அந்த நடுங்குகிற கையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் சுட்டது யாரென்று. உன்னைக் கூப்பிட்டுக் கேட்பான். நீ உண்மையைச் சொல்வாய். நீ அப்படிப்பட்டவன்தானே. நான் பூட்டைத் திரும்பப் போட்டேன்.

"அடி புள்ள, அடி" என்று அப்பா கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார். அது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பி மரத்துக்குள் போய்விட்டது.

அப்பா ரொம்ப நேரம் அந்த மரங்களையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் கூட இல்லை, ஆர்லின்.

"நீங்க யாரும்மா?" என்றார். "எம் பொண்ணு எங்க?"

நான்தான்பா லவோன் என்றேன். தலையை ஆட்டினார். "இல்லீங்க. எம் பொண்ணா இருந்தா அடிச்சிருப்பா."

நான் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். என் நெற்றித் தழும்பைக் காட்டினேன், வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தேனே, அது. மரியாதைக்குப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இறங்கும்போது என்னை ஒரு விருந்தாளியைப் போலத்தான் நடத்தினார். விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டக் கை கொடுத்தார். "பாத்து வாங்க, வழுக்கும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். டகோமா என்றேன்.

"அப்ப வெளி மாநிலம். லைசென்ஸுக்கு நல்லாப் புடுங்கியிருப்பானுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.

"எம் பையன்தான் அதுக்காகப் போயிப் பேசினான். கோவிச்சுக்காதீங்க. அவன் நல்லவன்தான்."

இதைத்தான் கீழே உன்னிடம் சொல்ல முடியவில்லை. நீ ஜெயித்துவிட்டாய்.

லவோன்

*

லார்ச் கிரீக்
டிசம்பர் 12

லவோன்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து நான் குதிரைகளோடு நின்றது எதற்கென்று நினைத்தாய்? வெடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் கேட்டதும் மேலே வந்து என் சீட்டைக் கொம்பில் கட்டுவது, சாவடியில் நான் சுட்டேன் என்று கெர்மிட் கண்ணைப் பார்த்துச் சொல்வது, இதுதான் என் திட்டம். அதற்காகத்தான் சீசன் முழுக்க ஒரு தோட்டா வெடிக்காமல் இருந்தேன். அக்டோபரில் கொட்டகைக்குப் பின்னாலேயே ஒரு கொம்பன் மான் வந்து நின்றது, விட்டுவிட்டேன். செப்டம்பரில் எழுதினேனே, என் சீட்டு பையில் அப்படியே இருக்கிறது என்று. இதற்கு மேல் எப்படி எழுத? தபாலில் போகிற கடிதத்தில் "நீ சுடு, நான் சீட்டுக் கட்டுகிறேன்" என்று எழுதச் சொல்கிறாயா? நம் வீட்டில் இதை யாரும் எப்போதும் வாய் விட்டுச் சொன்னதில்லையே. அம்மா சீட்டைப் பற்றி அப்பா ஒரு நாளாவது பேசினாரா? உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

நான் ஜெயித்தேன் என்கிறாய். நீங்கள் இறங்கி வருகிற வரை ஒரு சத்தத்துக்காக வானத்தைப் பார்த்து நின்றவன் ஜெயித்தவனா?

ஹெலனாவில் பேசியதை நான் இப்போதும் தப்பென்று நினைக்கவில்லை. உனக்கு எழுதியதுதான் தப்பு.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் திட்டுவாய். காபிக் கடையில் எல்லாரிடமும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார். "ஆர்லின் எவளோ ஒரு வெளி மாநிலத்துக்காரியக் கொண்டாந்து எங்கூட அனுப்பிட்டான். கொம்பன் கண்ணு முன்னால நிக்குது, அந்தம்மா கல்லாட்டம் உக்காந்திருக்கு. எங்க லவோனா இருந்தா..." என்று ஆரம்பிக்கிறார். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கெர்மிட் கூட அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

கிறிஸ்துமஸுக்கு வா. நேரில் பார்த்தால் நினைவு வரலாம். டிக்கெட் நான் எடுக்கிறேன், மறுக்காதே.

அண்ணன்,
ஆர்லின்

*

டகோமா
டிசம்பர் 28

அண்ணா,

நீ அனுப்பிய பணத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை.

உன் கடிதத்தை வாசித்தேன். செப்டம்பர் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த வரி இருக்கத்தான் இருக்கிறது. எனக்கு அப்போது உன் மேல் இருந்த ஆத்திரத்தில், நேரமில்லை என்று பெருமை அடிக்கிறான் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். வண்டியில் ஏறும்போதாவது என் காதில் ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா பாவி? ஒரே ஒரு வார்த்தை.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ மாட்டுக்குத் தீனி போடப் போயிருந்தபோது நான் போன் பண்ணினேன். அப்பாதான் எடுத்தார்.

"அப்பா, லவோன் பேசறேன்" என்றேன், பயந்துகொண்டேதான்.

"குட்டி! எங்கடி போன இத்தன நாளா?" என்றார்.

அண்ணா, அந்தக் குரலை உனக்கு எப்படி எழுதுவது? உடனே ஆரம்பித்துவிட்டார். கொம்பன் எவ்வளவு பெரிசு, எங்கே நின்றது, அந்தப் பொம்பளை எப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தாள், எல்லாம். "நீயா இருந்தா அடிச்சிருப்பேல்ல?" என்று கேட்டார்.

"அடிச்சிருப்பேன்பா" என்றேன்.

"எனக்குத் தெரியும். நான் அந்தம்மாகிட்டயே சொன்னேன்." சிரித்தார். "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் போவோம். அவளக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு ஆர்லின்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடு. அவ வந்தா நான் வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

அதனால்தான் வரவில்லை. வந்தால் அவர் கண்ணுக்கு வாசலில் நிற்கப் போவது அவள்தான். அவரை அந்த இல்லத்தில் சேர்த்தாலும் வர மாட்டேன். நான் அவருக்கு மகளாக இருப்பது போனில் மட்டும்தான். நீ வற்புறுத்தாதே, எனக்கு இருக்கிறதே இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குக் கட்டணம் குறைவு. நாலு மணிக்குக் கூப்பிடுகிறேன். போன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வை. மணி அடித்தால் நீ எடுக்காதே, அவரே எடுக்கட்டும்.

உன் தங்கச்சி,
லவோன்